காது அழகு அறுவை: வருடங்கள் கழித்து வரும் சிக்கல்கள் (பொது இழை)

#1 மடல்மன்றம் (நெறியாளர்)

காது அழகு அறுவை பற்றிய கேள்விகள் நாலைந்து இழைகளில் சிதறிக் கிடக்கின்றன. எல்லாமே "எவ்வளவு ஆகும்", "எத்தனை நாளில் ஆபீஸ் போகலாம்" என்ற இடத்தில் நின்றுவிடுகின்றன. இந்த இழை அதற்கு அப்புறம் உள்ளதற்கு. கட்டைப் பிரித்து, தையலை எடுத்து, வீட்டில் எல்லாரும் மறந்தும் போன பிறகு, ஆறு மாதத்திலோ ஆறு வருடத்திலோ என்ன வரும், ஏன் வரும், என்ன செய்யலாம்.

இரண்டு அறுவைகளைப் பேசலாம். ஒன்று, முன்னால் தள்ளி நிற்கும் காதைத் தலையோடு படியவைக்கிற ஓட்டோபிளாஸ்டி. இன்னொன்று, தோடு இழுத்துக் கிழிந்த சோணையைத் தைப்பது. சொந்தக் கதை, படம், ஆஸ்பத்திரி பெயர், டாக்டர் பெயர் எதுவும் வேண்டாம். விஷயம் மட்டும்.

#2 குருத்து

"ஓட்டோபிளாஸ்டி பண்ணியிருக்கு" என்று மட்டும் சொன்னால் அதில் பாதித் தகவல்கூட இல்லை. எந்த முறை என்று தெரிந்தால்தான் பின்னால் எது கெடும் என்று சொல்ல முடியும்.

காது தள்ளி நிற்க இரண்டு காரணம். மேல்பாதியில் விழ வேண்டிய உள்மடிப்பு விழாமல் தட்டையாக இருப்பது. அல்லது காதுத் துளையைச் சுற்றியுள்ள கிண்ணம் ஆழமாக இருப்பது. பலருக்கு இரண்டும் உண்டு. மடிப்பு இல்லாததற்கு 1963-இல் முஸ்டார்டே சொன்ன தையல் இருக்கிறது: காதின் பின்புறம் திறந்து, குருத்தெலும்பை மடித்து, மூன்று நான்கு இடங்களில் கரையாத நூலால் கட்டிவிடுவது. கிண்ணம் ஆழமென்றால் 1968-இல் ஃபர்னாஸ் சொன்னது: கிண்ணத்தின் முதுகை, காதுக்குப் பின்னுள்ள எலும்பின் மேலுறையோடு இழுத்துக் கட்டுவது. மூன்றாவது ஸ்டென்ஸ்ட்ரோம் வழி, அதுவும் 1963 தான். குருத்தெலும்பின் முன்முகத்தைக் கீறிவிட்டால் அது தானாகவே எதிர்ப்பக்கமாக வளையும். அந்த வளைவே மடிப்பாகிவிடும்.

நூல் முறையில் பின்னால் வருவது நூல் தொந்தரவும், காது மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கே திரும்புவதும். கீறல் முறையில் நூல் தொந்தரவு குறைவு. ஆனால் முன்பக்கம் கூரான விளிம்பும் மேடுபள்ளமும் தெரிய ஆரம்பிக்கும், வீக்கம் முழுக்க வடிந்த பிறகு இன்னும் நன்றாகத் தெரியும். என் கணிப்பில் நீண்ட காலத்துக்கு நூலே மேல். நூலை என்றைக்கும் எடுத்துவிடலாம்; கீறிய குருத்தெலும்பைக் கீறாததாக்க முடியாது.

#3 ஊசிநூல்

குருத்து சார் சொன்னது சரி. ஆனா "கரையாத நூல்"னு ஒரே சொல்லில் முடிச்சிட்டீங்க. அதுலயே ரெண்டு ஜாதி இருக்கு.

ஒற்றை இழை, அதாவது நைலான், ப்ரோலீன் மாதிரி. வழவழன்னு இருக்கும், கிருமி ஒளிஞ்சுக்க இடம் கிடையாது. ஆனா முடிச்சு நழுவும், அதனால ஒண்ணுக்கு மேல ஒண்ணா அஞ்சாறு முடிச்சு விழுந்திருக்கும். வெட்டின நுனி முள்ளு மாதிரி விறைச்சு நிக்கும். ரெண்டு வருஷம் கழிச்சுத் தோலைக் குத்திக்கிட்டு வெளிய எட்டிப் பாக்குறது பெரும்பாலும் அதுதான்.

பின்னல் நூல், எத்திபாண்ட், மெர்சிலீன் மாதிரி. மெத்துனு இருக்கும், முடிச்சு அசையாது, குத்தாது. ஆனா பின்னலுக்குள்ள கிருமி குடி புகுந்துடுச்சுன்னா எந்த மாத்திரையும் அங்க போய் வேலை செய்யாது. பச்சை, கறுப்புச் சாயம் போட்ட நூலா இருந்தா மெல்லிய தோல் வழியா நிழல் தெரியும். அதனாலதான் வெள்ளை, இல்லேன்னா நிறமில்லாத நூலைக் கேட்டு வாங்குவாங்க. நூல் தடிமன் வழக்கமா 4-0ங்கிற அளவு.

கரையுற நூல்ல செய்யறவங்களும் உண்டு. பி.டி.எஸ். நூல் போட்டா ஆறு வாரத்துக்குள்ள பிடிமானம் பெரும்பகுதி போயிடும், உடம்புல கரைஞ்சு முடிய ஆறேழு மாசம். அதுக்கப்புறம் நூல் தொந்தரவுன்னு ஒண்ணு கிடையாது. ஆனா அதுக்குள்ள உள்வடு கெட்டிப்படலேன்னா காது திரும்பிடும். எதை வாங்கணும்னா எதையாவது குடுத்துத்தான் ஆகணும்.

#4 கேள்விக்குறி

ஓட்டோபிளாஸ்டி முடிந்து மூன்று வருடமான காதின் பின்னால் சின்னச் சிவப்புக் கட்டி. அதிலிருந்து வெள்ளையாக ஏதோ நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆன்டிபயாடிக் கொடுத்தால் பத்து நாள் அடங்குகிறது, திரும்ப வருகிறது. அந்த நுனியைப் பிடுங்கிவிட்டால் சரியாகிவிடும் என்று ஒருவர் வேறு இழையில் எழுதியிருந்தார். சரியா?

#5 குருத்து

பிடுங்கவே கூடாது. ஒற்றை இழை நூல் என்றால் நுனி மட்டும் அறுந்து வரும். முடிச்சும் வளையமும் உள்ளேயே தங்கும், வெளியிலிருந்து உள்ளே ஒரு பாதை திறந்த நிலையில். பின்னல் நூல் என்றால் முழு வளையத்திலும் கிருமி ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையில் பத்து நாள் அடங்கித் திரும்ப வருவதே அதற்கு அடையாளம். கிருமி வாழ ஒரு அந்நியப் பொருள் உள்ளே இருக்கும்வரை அது போகாது.

செய்வது சின்ன வேலை. அந்த இடத்தை மரத்துப்போகச் செய்து, முடிச்சுக்கு மேலே 3, 4 மி.மீ. திறந்து, முடிச்சைக் கவ்வி மேலே தூக்கி, முடிச்சுக்குக் கீழே ஒரு காலை மட்டும் வெட்டி, முடிச்சைப் பிடித்து இழுத்தால் வளையம் முழுக்க வந்துவிடும். இரண்டு காலையும் வெட்டினால் வளையம் உள்ளே போய்விடும், தேட வேண்டி வரும். பழகாத கை செய்கிற தவறு இதுதான்.

எப்போது எடுப்பது என்பதுதான் முக்கியம். ஆறு மாதம், ஒரு வருடம் தாண்டிவிட்டால் மடிப்பைப் பிடித்திருப்பது பெரும்பாலும் நூல் இல்லை, மடிப்புக்குள் உருவான வடுத்திசு. ஒரு நூல் போனாலும் காது அங்கேயே நிற்கும். மூன்றாவது வாரத்தில் எட்டிப் பார்க்கிற நூலை அவசரப்பட்டு எடுத்தால் காதும் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். சீழ் இல்லையென்றால், பொறுத்து, மேலே மருந்து போட்டு, நாள் கடத்திப் பார்ப்பார்கள்.

#6 ஊசிநூல்

ஒரு சின்ன மறுப்பு. சீழ் இருந்தா மூணாவது வாரமா இருந்தாலும் எடுத்துத்தான் ஆகணும். காது திரும்பினா திரும்பட்டும், மறுபடி கட்டிக்கலாம். குருத்தெலும்புக்குள்ள கிருமி போயிட்டா கட்டுறதுக்குக் காதே இருக்காது.

நூல் ஏன் வெளிய வருதுன்னும் சொல்லிடலாம். காதுக்குப் பின்னாடி தோல் ரொம்ப மெல்லிசு. அதுலயும் "காது நல்லாப் படியட்டும்"னு தோலை அதிகமா வெட்டி எடுத்து இறுக்கித் தைச்சா, முடிச்சுக்கும் தோலுக்கும் நடுவுல ஒண்ணுமே இருக்காது. தோலை வெட்டுறதால காது படியாது, தோல் நீண்டுடும். அது பழைய காலத்து நம்பிக்கை. இப்போ பலர் தோலுக்குக் கீழ இருக்குற திசுவை ஒரு மடலா எடுத்து, முடிச்சுகளுக்கு மேல போர்வை மாதிரி இழுத்து மூடிட்டுத்தான் தோலைத் தைக்கிறாங்க. அறுவைக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேக்க ஒரே கேள்வின்னா இதைக் கேளுங்க: "முடிச்சுக்கு மேல என்ன வைப்பீங்க?"

#7 யாழ்ச்சோணை

இலங்கைப் பக்கம் நாங்கள் அறுவையைச் சத்திரசிகிச்சை என்றும் குருத்தெலும்பைக் கசியிழையம் என்றும்தான் சொல்லுவம். இங்கு குருத்தெலும்பு என்று வாசிக்கிறவை, கசியிழையமும் அதுவும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்ளட்டும்.

ஊசிநூல் அக்கா சொன்ன கிருமி விஷயத்தை விரிக்கிறன். கசியிழையத்துக்குத் தனி இரத்தக்குழாய் இல்லை. மேலே ஒட்டியிருக்கிற உறைதான் அதுக்குச் சாப்பாடு போடுது. உறைக்கும் கசியிழையத்துக்கும் நடுவில் இரத்தமோ சீழோ தேங்கினால் அந்தத் துண்டு பட்டினியில் செத்துப்போகும். பிறகு காது சுருங்கி, குத்துச்சண்டைக்காரரின் காது மாதிரிக் கட்டியாகிவிடும். பல வருடத்துக்குப் பிறகு "காது ஏன் இப்படிச் சுருண்டிருக்கு" என்று வருகிறவர்களின் பழைய தாளைப் பார்த்தால், முதல் இரண்டு நாளில் ஒரு பக்கம் மட்டும் தாங்கமுடியாத வலி, "கட்டு இறுக்கம்தான்" என்று மாத்திரை குடுத்து விட்டது, அப்படி இருக்கும். ஒரு காது மட்டும் விண் விண் என்று வலித்தால் கட்டை அவிழ்த்துப் பார்க்கவேணும், அந்த இராத்திரியே.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய அடையாளம் ஒன்று. காது முழுக்கச் சிவந்து வீங்கி, சோணை மட்டும் சாதாரணமாக இருந்தால், கசியிழைய உறையில் தொற்று. சோணையும் சேர்ந்து சிவந்திருந்தால் தோலில் மட்டும் உள்ள தொற்றாக இருக்க வாய்ப்புக் கூட. சோணையில் கசியிழையம் இல்லையே, அதனால்தான் இந்த வித்தியாசம். உறைத் தொற்றில் சூடோமோனாஸ் கிருமி அடிக்கடி வரும். சாதாரண அமாக்ஸிசிலின் அதைத் தொடாது, சிப்ரோஃப்ளாக்சசின் வகை வேணும். கடையில் தானாக வாங்கி நாள் கடத்துற வேலை இல்லை இது.

இதே காரணத்துக்காகத்தான், காதை ஒருமுறை திருத்தினவர்கள் பிறகு மேல்காதில், கசியிழையத்துக்குள்ளால் குத்துற ஆசையை விட்டுவிடவேணும் என்று சொல்றது. உள்ளே பழைய நூலும் கிடந்தால் இரட்டைக் கேடு.

#8 செவிப்பறை

ஈ.என்.டி. பக்கத்தில் இருந்து யாரும் சொல்லாத ஒன்று. ஃபர்னாஸ் தையலில் கிண்ணத்தைப் பின்னோக்கி இழுத்துக் கட்ட வேண்டும். அதை எலும்பில் கொஞ்சம் முன்னால் தள்ளிக் கட்டிவிட்டால், கிண்ணம் சுழன்று காதுத் துளையின் வாயை முன்பக்கமாக நெருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் காது அழகாகப் படிந்திருக்கும். துளை மட்டும் ஒரு பிளவு மாதிரி ஆகியிருக்கும்.

கேட்கும் திறன் இதனால் உடனே குறையாது. ஆனால் குறும்பி வெளியே வழியும் பாதை அடைபடும். குளித்த தண்ணீர் உள்ளே நிற்கும், பூஞ்சை வரும், இயர்போன் மொட்டு நுழையாது. திருத்திய காதில் மட்டும் திரும்பத் திரும்பக் குறும்பி அடைத்தால் இதை நினைத்துப் பாருங்கள். பட்ஸ் விட்டுக் குடைவது இங்கே வழக்கத்தைவிட மோசம், குறுகிய இடத்தில் குறும்பியை இன்னும் உள்ளேதான் தள்ளும். சில மாதங்களுக்கு ஒருமுறை கருவியால் உறிஞ்சி எடுத்துக்கொண்டால் பலருக்குப் போதும். ரொம்பக் குறுகியிருந்தால் தையலை விடுவிக்க வேண்டிவரும்.

அடுத்தது காதுக்குப் பின்னுள்ள பள்ளம். காதைத் தலையோடு ஒட்டி இழுத்துவிட்டால் அந்தப் பள்ளமே இல்லாமல் போகும். கண்ணாடிக் கால் உட்கார இடமில்லை. காதுக்குப் பின்னால் மாட்டும் காதொலிக் கருவி நிற்காது. இருபது வயதில் இது யாருக்கும் உறைக்காது. நாற்பதில் படிக்கிற கண்ணாடி வரும்போது தெரியும். கால் வளையாமல் நேராகத் தலையை அணைத்துப் பிடிக்கிற சட்டம் வாங்கலாம். காதொலிக் கருவி என்றால் துளைக்குள் அடங்கும் வகை. முகக்கவசத்தில் காதில் மாட்டும் எலாஸ்டிக் சரியாக முடிச்சின் மேலேயே உரசும். தலைக்குப் பின்னால் கட்டுகிற வகைக்கு மாறிவிடுங்கள்.

#9 பனிக்காது

டொரண்டோவிலிருந்து. மரத்துப்போவது பற்றிச் சொல்ல வேண்டும்.

தோலைத் தூக்கும்போது சின்னச் சின்ன உணர்வு நரம்புகள் அறுபடும். அதனால் காதின் மேல்பகுதியும் பின்பகுதியும் சில வாரம் முதல் சில மாதம் வரை மரத்திருக்கும். திரும்பி வரும்போது அரிப்பு, எறும்பு ஊர்கிற மாதிரி, சின்னச் சின்ன மின்னடி எல்லாம் வரும். அது நல்ல அறிகுறிதான். ஒரு வருடத்துக்குப் பிறகும் மரத்திருக்கும் திட்டு பெரும்பாலும் அப்படியே தங்கிவிடும்.

மரத்த காது ஆபத்தில்லாத காது இல்லை. முடி உலர்த்தும் கருவியின் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் கண்ணாடியில் தெரியும். இங்கே சைபருக்குக் கீழே 20 டிகிரியில் தொப்பியை மேலே ஏற்றிவிட்டு நடப்பவருக்குக் காது உறைவதும் தெரியாது. வலிக்கும் காதைத் தானே கை மூடும். ஊரில் இருப்பவர்களுக்கு இது கொடைக்கானல் போனால் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். ஏசி காற்று நேரே படும் பஸ் சீட்டிலும் திருத்திய காது குத்தி வலிப்பதுண்டு. ஒரு மஃப்ளர் போதும், மருந்து வேண்டாம்.

இரண்டாவது, ஒரு பக்கம் மட்டுமே படுப்பவர்களுக்கு. மடிப்பின் விளிம்பு கூராகிவிட்டால் தலையணையில் அந்த ஒரு புள்ளியே அழுந்தும். அங்கே மிளகளவு ஒரு கட்டி, தொட்டாலே உயிர் போகிற வலி. புற்று என்று பயந்து ஓடிவருவார்கள். அழுத்தத்தால் குருத்தெலும்பும் அதன் மேல்தோலும் புண்ணாவதுதான் பெரும்பாலும். நடுவில் ஓட்டை உள்ள தலையணை, காது அந்த ஓட்டைக்குள் இருக்கிற மாதிரி, சில வாரம். அதில் அடங்காவிட்டால், அல்லது கட்டி வளர்ந்தால், ரத்தம் கசிந்தால், கட்டாயம் தோல் மருத்துவரிடம் காட்டி ஒரு சின்னத் துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும்.

#10 வடுவியல்

கெலாய்டு பற்றி இன்னும் யாரும் தொடவில்லை, நான் ஆரம்பிக்கிறேன். நம் தோலுக்கு இதுதான் பெரிய பயம், பயப்பட வேண்டியதும்தான்.

முதலில் பெயர்க் குழப்பம். வெட்டிய கோட்டுக்குள்ளேயே தடித்து, ஒரு வருடத்தில் மெல்லத் தட்டையாகிற தழும்பு வேறு. கோட்டைத் தாண்டி நல்ல தோலுக்குள் பரவி, அரித்து, வலித்து, தானாக அடங்காமல் வளர்கிறதே, அதுதான் கெலாய்டு. மூன்றாவது மாதத்தில் தடித்த கோட்டைப் பார்த்துக் கெலாய்டு என்று அலற வேண்டாம். ஆனால் அதே மாதத்தில் காட்டிவிடுங்கள், சின்னதாக இருக்கும்போது ஊசியிலேயே அடங்கும். பத்து வயதுக்கும் முப்பதுக்கும் நடுவில் வாய்ப்பு அதிகம். கர்ப்ப காலத்தில் பழைய கெலாய்டு பெருக்கலாம். காது குத்திய இடத்தில் ஏற்கெனவே கெலாய்டு வந்தவருக்கு, அழகுக்காக மட்டும் காதை மறுபடி வெட்டுவது சரியில்லை என்பது என் கருத்து.

ஊசி என்றால் டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு, மி.லி.க்கு 10 முதல் 40 மி.கி. வரை, நாலு வாரத்துக்கு ஒருமுறை. கட்டியின் உள்ளே போக வேண்டும், கீழே அல்ல. கெட்டித் தழும்பில் மருந்து ஏறவே ஏறாது. ஊசி திருகிப் பூட்டுகிற சிரிஞ்ச் இல்லையென்றால் அழுத்தத்தில் ஊசி கழன்று மருந்து கண்ணில் தெறிக்கும். தழும்பு வெளுத்து மேலெழுந்தால் சரியான இடத்தில் ஏறுகிறது என்று அர்த்தம். கீழே போய்விட்டால் கொழுப்பு கரைந்து குழி விழும், தோல் மெலியும், வெள்ளைத் திட்டு வரும். அடங்காத கெட்டிக்கு 5-ஃப்ளோரோயுராசில் என்ற இன்னொரு மருந்தோடு கலந்து போடுவோம், கர்ப்பிணிகளுக்கு அது கூடாது.

வெட்டி எடுத்தால் போயிற்று என்று நினைப்பதுதான் பெரிய தவறு. வெறுமனே வெட்டினால் பெரும்பாலும் திரும்ப வரும், முன்னதைவிடப் பெரிதாகவும் வரும். வெட்டுவதென்றால் பிறகு என்ன என்பதை முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்: தொடர் ஊசி, அல்லது பெரியவர்களுக்கு ஓரிரு நாளுக்குள் கதிர்வீச்சு, சோணையாக இருந்தால் அழுத்தக் கம்மல். அழுத்தக் கம்மல் ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்குக் குறையாமல், ஆறு மாதத்துக்கு மேல். தோல் வெளுத்து வலித்தால் இறுக்கம் அதிகம், புண்ணாகிவிடும். சிலிகான் ஷீட்டும் அப்படித்தான், மூன்று மாதமாவது, தினம் பாதி நாளுக்கு மேல். ஷீட்டைக் கழுவாமல் நம் ஊர் வேர்வையில் ஒட்டிவைத்தால் வேர்க்குருதான் மிச்சம்.

#11 கேள்விக்குறி

சர்க்கரை நோயாளிக்கு அந்த ஊசி போடலாமா?

#12 வடுவியல்

போடலாம், சொல்லிவிட்டுப் போட வேண்டும். சில நாள் சர்க்கரை ஏறும், வீட்டில் அளந்து பார்த்துக்கொள்ளச் சொல்லுவோம்.

#13 திருகாணி

பட்டறைப் பக்கம் இருந்து சோணை விஷயம். அண்ணன்மார் எல்லாம் மேல்காதையே பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க, நம்ம ஊர்ல கடைக்கு வர்ற பத்துப் பேர் கேக்குறது "ஓட்டை பெருசாயிடுச்சு, என்ன செய்ய"ன்னுதான்.

ரெண்டு பவுன்ல ஜோடி ஜிமிக்கின்னா ஒரு காதுக்கு 8 கிராம். எடை மட்டும் காரணம் இல்ல, தண்டு எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு அறுக்கும், நூலால வாழைத்தண்டை அறுக்குற மாதிரி. கம்பி வளையம் மாட்டுற தொங்கட்டான், அதே எடையில தட்டையான அடி வச்ச தோட்டைவிட மோசம். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவுல இடுக்கிப் பேசுறது, கைக்குழந்தை இழுக்குறது, தோடு போட்டபடியே தூங்குறது, துண்டுல சிக்குறது, இதெல்லாம் சேந்ததுதான். மாட்டல்னு ஒண்ணு எதுக்கு இருக்குன்னே இப்போ பாதிப் பேருக்குத் தெரியல. அது வெறும் அலங்காரம் இல்ல, ஜிமிக்கியோட பாரத்தை முடியில தூக்கி நிறுத்துற கொக்கி. தைச்ச காதுக்கு அது கட்டாயம்.

தைச்ச பிறகு மறுபடி குத்துறதுல வர்ற பிரச்சினைய டாக்டருங்க சொல்லுங்க. ஆறு வாரத்துல வந்து "கல்யாணம் இருக்கு, குத்திவிடுங்க"ன்னு நிக்கிறவங்களைத் திருப்பி அனுப்பத் தெளிவா ஒரு காரணம் வேணும்.

#14 குருத்து

காரணம் இது: வடு மூன்று மாதத்தில்தான் நல்ல தோலின் பலத்தில் ஏறக்குறைய 80 சதவீதத்தை எட்டும், அதற்கு மேல் எப்போதும் ஏறாது. ஆறு வாரத்தில் அதில் பாதிதான் இருக்கும். அப்போது குத்தி எடை மாட்டினால் கிழிந்த கோட்டிலேயே திரும்பக் கிழியும். மூன்று மாதம் குறைந்தது, ஆறு மாதம் நல்லது, அதுவும் வடுவின் மேலே அல்ல, பக்கத்தில் நல்ல தோலில். வடுவின் மேல் குத்தினால் அந்தக் காது இன்னொரு தையலுக்கு வரும்.

சோணைத் தையலில் பின்னால் தெரிவது இரண்டு. ஒன்று, சோணையின் அடிவிளிம்பில் ஒரு வெட்டு மாதிரிப் பள்ளம். நேர்கோட்டில் தைத்தால் வடு சுருங்கும்போது விளிம்பை மேலே இழுக்கும், அதுதான் காரணம். அதைத் தவிர்க்கத்தான் கோட்டை இசட் மாதிரியோ படிக்கட்டு மாதிரியோ மடக்குவது. இரண்டு, வருடங்கள் கழித்து வடுவுக்குள் பட்டாணி மாதிரி உருளும் கட்டி. பழைய ஓட்டையின் உட்சுவர் முழுக்கத் தோல்தான். அதில் ஒரு துணுக்கை விட்டுவிட்டுத் தைத்தால், உள்ளே அது தன் வேலையைத் தொடரும். உதிரும் செதில்கள் வெளியேற வழியில்லாமல் பையாகச் சேரும். பிதுக்கினால் நாற்றத்தோடு வெள்ளையாக வரும், பிறகு திரும்ப நிரம்பும். பையோடு எடுக்க வேண்டும்.

#15 வடுவியல்

இதே காரணத்தால்தான் பார்லரில் பசை வைத்து ஒட்டுவது நிற்காது. ஓட்டையின் இரு கரையும் ஆறிப்போன தோல். ஆறிய தோலும் ஆறிய தோலும் ஒட்டாது, இரண்டு விரலைப் பசையால் ஒட்டிவைத்தால் ஒன்றாக வளருமா? கரையைப் புண்ணாக்கினால்தான் சேரும்.

"தையல் இல்லாமல் ஓட்டை அடைப்பு" என்று போர்டு வைத்துச் செய்வது பெரும்பாலும் டிரைகுளோரோ அசிட்டிக் அமிலம். முறை என்ற அளவில் அது பொய் இல்லை. அமிலம் உட்சுவரைப் புண்ணாக்குகிறது, புண் சுருங்கி மூடுகிறது. ஆனால் அடிவிளிம்பு அறுபடாத, சின்ன ஓட்டைக்குத்தான். முழுக்கப் பிளந்த காதுக்கு இல்லை. செறிவு அதிகமான அமிலம் ஒரு சொட்டு வழிந்தாலும் கழுத்தில் கோடாகக் கறுக்கும். மூடிய இடம் மெல்லிசான தோல்தான், உள்ளே சதை நிரம்பியிருக்காது. அங்கே மறுபடி குத்தினால் நிற்காது. ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் குழி விழுந்து, நிறம் மாறி, தையலுக்குத்தான் வருவார்கள், இப்போது தைக்கச் சதையும் குறைவாக இருக்கும். தோல் மருத்துவர் கையில், சரியான ஓட்டைக்கு என்றால் எனக்கு மறுப்பில்லை. வேறு கையில் வேண்டாம்.

#16 யாழ்ச்சோணை

ஒரு உபரித் தகவல். பழங்கால வைத்தியர் சுசுருதரின் நூலில் காதுச் சோணையைச் சேர்க்கப் பதினைந்து வகை சொல்லியிருக்கு. அதில் இரு கரையையும் கீறிப் புண்ணாக்கிச் சேர் என்பதும் இருக்கு. பசைக்கடைக்காரர் அதை வாசிக்கவேணும்.

#17 திருகாணி

தெக்கே பாம்படம், தண்டட்டி மாதிரிப் பாரமான காதணி போட்டு வளர்த்த காது வேற கணக்கு. ஓட்டை தோளைத் தொடும், கரை கயிறு மாதிரி இருக்கும். அதை வெட்டிச் சேக்கணும்னா முழு அளவுச் சோணை கிடைக்கும்னு எதிர்பாக்கக் கூடாது, கயிறு எவ்வளவு தடிப்போ அதுக்குத் தகுந்த சோணைதான். பேத்திங்க பாட்டிக்கு "நார்மல் காது" வேணும்னு கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி பாட்டிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டா நல்லது.

#18 கேள்விக்குறி

திரும்ப ஓட்டோபிளாஸ்டிக்கு. காது "பழைய இடத்துக்குத் திரும்புது" என்று எதை வைத்துச் சொல்வது? கண்ணாடியில் பார்த்தால் தினம் ஒரு மாதிரி இருக்கிறது.

#19 குருத்து

கண்ணாடியை நம்ப வேண்டாம், அளவுகோலை நம்புங்கள். தலையின் எலும்பிலிருந்து காதின் வெளிவிளிம்பு வரை பின்னாலிருந்து அளக்க வேண்டும், ஒட்டிப் பிடித்து, காதை அழுத்தாமல். ஓரளவு இயல்பான அளவு: மேலே 10 முதல் 12 மி.மீ., நடுவில் 16 முதல் 18, கீழே 20 முதல் 22. இரண்டு காதுக்கும் எந்த இடத்திலும் 3 மி.மீ.க்குள் வித்தியாசம் இருந்தால் யாரும் திருத்தச் சொல்ல மாட்டார்கள். அறுவை செய்யாதவர்களுக்கும் அந்த வித்தியாசம் இருக்கும். முதல் மாதம், மூன்றாம், ஆறாம், பன்னிரண்டாம் மாதம், நாலு முறை அளந்து எழுதுங்கள். தினம் அளந்தால் பைத்தியம் பிடிக்கும்.

மேல்பாதி மட்டும் முன்னால் வருவதுதான் வழக்கம். பெரியவர்களின் குருத்தெலும்பு விறைப்பானது, நூல் அதை மெல்ல அறுத்துக்கொண்டே நகரும். குழந்தைகளுக்கு அது மென்மையாக இருப்பதால் மடங்கிக்கொடுக்கும். காது ஐந்தாறு வயதிலேயே பெரியவர்களின் அளவை நெருங்கிவிடுவதால் அப்போது செய்தால் வளர்ச்சி கெடும் என்ற பயமும் தேவையில்லை.

திரும்புவதைவிட எனக்கு அதிகம் உறுத்துவது அளவுக்கு மீறிய திருத்தம். நடுப்பகுதியை மட்டும் அதிகமாக இழுத்து, மேலேயும் சோணையும் முன்னால் நின்றால் பழைய டெலிபோன் ரிசீவர் மாதிரி இருக்கும். அதற்கு டெலிபோன் காது என்றே பெயர். நேரே முன்னாலிருந்து பார்க்கும்போது வெளிவிளிம்பு உள்மடிப்புக்குப் பின்னால் மறைந்துவிடக் கூடாது, மறைந்தால் "வெட்டி ஒட்டிய காது" என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். நூலால் வந்ததென்றால் நூலை வெட்டி விடுவித்தாலே ஓரளவு சரியாகும், சீக்கிரம் கவனித்தால். வடு இறுகிவிட்ட பிறகு வடுவையும் விடுவிக்க வேண்டும், சில நேரம் தோலும் வைக்க வேண்டியிருக்கும். பொதுவாக மறுதிருத்தத்துக்கு ஆறு மாதத்துக்கு முன் யாரும் கை வைக்கமாட்டார்கள். தொற்று வந்த காதென்றால் ஒரு வருடம். குருத்தெலும்பே அழிந்திருந்தால் எதிர்க்காதின் கிண்ணத்திலிருந்தோ விலாவிலிருந்தோ எடுத்து வைக்க வேண்டும், அது வேறு அளவிலான அறுவை, முதல் அறுவையின் செலவையும் நாளையும் வைத்து அதைக் கணக்குப் போடாதீர்கள்.

#20 பனிக்காது

ஹெல்மெட்டை மறந்துவிட்டோமே. அறுவைக்குப் பின் காதை அணைத்துப் பிடிக்கும் தலைப்பட்டை ஒரு வாரம் முழு நேரம், பிறகு நாலு முதல் ஆறு வாரம் இரவில், என்று சொல்லி அனுப்புகிறார்கள். ஆனால் பட்டை போட்டுத் தூங்குபவர் காலையில் முழு முகம் மூடும் ஹெல்மெட்டை மேலிருந்து இழுத்து மாட்டினால் காது முன்னால் மடங்கும், கழற்றும்போது இன்னும் மோசம். எட்டு வாரமாவது பைக் வேண்டாம். அப்புறமும் கன்னத்துப் பட்டைகளை இரண்டு பக்கமும் நன்றாக விரித்து, காதைத் தொடாமல் இறக்கி, உள்ளே விரல் விட்டுக் காதைப் பின்னால் தள்ளிப் பாருங்கள். "ஹெல்மெட் போடாமல் ஓட்டலாமா" என்று கேட்பவர்களுக்கு: கூடாது, பஸ்ஸில் போங்கள்.

#21 கேள்விக்குறி

கடைசியாக ஒன்று. எந்த முறை, எந்த நூல் என்று தெரிய வேண்டும் என்கிறீர்கள். டிஸ்சார்ஜ் தாளில் "இருபக்க ஓட்டோபிளாஸ்டி செய்யப்பட்டது" என்று ஒரு வரிதானே இருக்கும்?

#22 ஊசிநூல்

அதுதான் விஷயமே. டிஸ்சார்ஜ் தாள் வேற, அறுவைக் குறிப்பு வேற. ரெண்டாவதைக் கேளுங்க. அதுல வெட்டு எங்க, தோல் எவ்வளவு எடுத்தாங்க, எந்த நூல், எந்த அளவு, என்ன நிறம், ஒரு காதுக்கு எத்தனை, எங்கெங்க, முடிச்சுக்கு மேல என்ன மூடினாங்க, முன்பக்கம் கீறினாங்களா இல்லையா, எல்லாம் இருக்கணும். மடிப்பைப் பிடிக்க உலோகக் கிளிப் வச்சிருந்தா அதோட ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கணும். தோல் மெலிஞ்சு கிளிப் வெளிய தெரிஞ்சா எடுக்க வர்றவருக்கு அது வேணும்.

இந்தியாவுல 2002 மருத்துவர் நடத்தை விதிப்படி கேட்டா 72 மணி நேரத்துல குடுக்கணும். ஆனா அதே விதியில, உள்நோயாளிக் குறிப்பை வச்சிருக்கச் சொல்றது சிகிச்சை ஆரம்பிச்ச தேதியில இருந்து 3 வருஷம்தான். நூல் அஞ்சாவது வருஷத்துல எட்டிப் பாக்கும். அதனால தையல் எடுக்கப் போற அன்னிக்கே நகல் கேட்டு வாங்கி, போன்ல ஒரு படமும் எடுத்து வச்சுக்கோங்க.